கெட்ட செய்தி சீக்கிரம் வரட்டும்

ஸ்க்ரம் என்ற வேலைமுறையை நடத்தாத ஐ.டி. அலுவலகத்தை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த முறை எதற்காக வந்தது என்பதுதான் பல இடங்களில் மறந்துபோயிருக்கிறது. அதை நினைவுபடுத்த அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

ராபர்ட் முல்லர் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இயக்குநராகப் பொறுப்பேற்றது 2001 செப்டம்பர் 4-ஆம் தேதி. அடுத்த செவ்வாய்க்கிழமை நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. விமானங்களைக் கடத்தியவர்களின் புகைப்படங்கள் நாடெங்கும் இருந்த கிளை அலுவலகங்களுக்கு உடனடியாகப் போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சலில் அனுப்ப வசதியில்லை. கூரியரில் அனுப்பினார்கள்.

எஃப்.பி.ஐ.யின் வழக்குக் குறிப்புகள் அப்போது ஏ.சி.எஸ். என்ற மென்பொருளில் இருந்தன. 1995-இல் பயன்பாட்டுக்கு வந்தபோதே அது பழைய காலத்துச் சரக்கு. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மௌஸுக்கு வேலையில்லை. துப்பறியும் அதிகாரிகள் பலர் அந்தப் பக்கமே போகாமல், காகிதத்தில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, கோப்பில் கோத்து வைத்தார்கள். ஒரு ஊரில் ஒருவர் எழுதிவைத்த சந்தேகம் இன்னொரு ஊரில் இருப்பவர் கண்ணில் படுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இதை மாற்றத்தான் 'வர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்ற திட்டம் வந்தது. எஸ்.ஏ.ஐ.சி. என்ற நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். அந்த ஆவணம் 800 பக்கங்களைத் தாண்டியது. அதை வைத்து ஏறக்குறைய ஏழு லட்சம் வரி கோட் எழுதினார்கள். ஒரு நல்ல நாளில் பழைய ஏ.சி.எஸ்.ஸை நிறுத்திவிட்டு, எல்லா அதிகாரிகளையும் ஒரே வீச்சில் புதியதற்கு மாற்றிவிடுவது என்பது ஏற்பாடு. இடையில் எஃப்.பி.ஐ.யில் தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக மாறிக்கொண்டே இருந்தார்கள். தேவைகளும் மாறிக்கொண்டே இருந்தன.

2003 டிசம்பரில் மென்பொருள் கைக்கு வந்தது. எஃப்.பி.ஐ. 17 குறைகளைச் சொல்லித் திருப்பியது. பட்டியல் பிறகு 59 ஆக வளர்ந்தது. எங்களிடம் சொன்னது ஒன்று, இப்போது கேட்பது வேறு என்றது நிறுவனம். கேட்டதைச் செய்யவில்லை என்றது எஃப்.பி.ஐ. 2005-இல் முழுத் திட்டத்தையும் கைவிட்டார்கள். அதற்குள் 17 கோடி டாலர் செலவாகியிருந்தது. அதிகாரிகளுக்கு அதே பச்சை எழுத்துதான் மிஞ்சியது.

யாரோ சோம்பேறிகள் வேலை செய்து கெட்டுப்போன கதையாக இதைப் படித்தால் ஏமாந்துபோவோம். இரண்டு தரப்பிலும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், இரவு பகலாக உழைத்தார்கள். ஆனால் தாங்கள் கட்டுவது பயன்படுமா, படாதா என்பதை அவர்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே நாள், ஒப்படைக்கும் நாளாக இருந்தது.

அருவி போல மேலிருந்து கீழாக இறங்கும் இந்த வேலைமுறைக்கு 'வாட்டர்ஃபால்' என்று பெயர். முதலில் தேவைகள், அடுத்து வடிவமைப்பு, பிறகு கோடிங், கடைசியில் டெஸ்டிங். வீட்டைக் கட்டி முடித்து, கிரகப்பிரவேசத்தன்று காலையில்தான் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதைப் போன்ற ஏற்பாடு. இந்த முறையின் மூலக் கட்டுரை என்று எல்லாரும் காட்டுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதியதை. அந்தப் படத்தை வரைந்த கையோடு ராய்ஸ் எழுதியது என்ன தெரியுமா? இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை விலைக்கு வாங்குவதாகும் என்றுதான். டெஸ்டிங் கடைசியில் இருப்பதால் அங்கே பெரிய தவறு தெரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், ஆகவே ஒருமுறை சிறிய அளவில் கட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முழுதாகக் கட்டுங்கள் என்றார். உலகம் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது.

இந்த முறைக்கு மாற்றாக வந்த ஸ்க்ரம் பிறந்தது அமெரிக்காவில்; அதன் விதை ஜப்பானியத் தொழிற்சாலைகளில். ஹிரோடாகா டகேஉச்சி, இகுஜிரோ நொனாகா என்ற இரண்டு பேராசிரியர்கள் ஃபியூஜி ஜெராக்ஸ், கேனன், ஹோண்டா, என்.இ.சி. போன்ற நிறுவனங்கள் புதிய பொருள்களை எப்படி வேகமாக உருவாக்கின என்று ஆராய்ந்து, 1986-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூ இதழில் எழுதினார்கள். ஒரு துறை முடித்து அடுத்த துறையிடம் கொடுக்கும் தொடர் ஓட்டம் அங்கே நடக்கவில்லை. வடிவமைப்பவர், உற்பத்தி செய்பவர், விற்பவர் எல்லாரும் ரக்பி அணியைப் போல ஒன்றாகவே நகர்ந்தார்கள். ஹோண்டா சிட்டி காரை உருவாக்கிய அணியின் சராசரி வயது 27. நிர்வாகம் இலக்கைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றது.

இந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர் ஜெஃப் சதர்லாண்ட். வியட்நாம் போரில் உளவு விமானம் ஓட்டியவர். 1993-இல் ஈசல் என்ற நிறுவனத்தில் முதல் ஸ்க்ரம் அணியை அமைத்தார். கென் ஷ்வேபர் வேறொரு பாதையில் இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். 1995-இல் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் நடந்த ஊப்ஸ்லா என்ற மென்பொருள் மாநாட்டில் இந்த முறை பொதுவெளிக்கு வந்தது. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் பனிமலையில் ஸ்னோபேர்ட் என்ற விடுதியில் பதினேழு பேர் கூடி 'அஜைல்' அறிக்கையை எழுதினார்கள். ஸ்க்ரம்காரர்கள், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்காரர்கள், வேறு சில முறைகளைச் சேர்ந்தவர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். நான்கு நம்பிக்கைகள், பன்னிரண்டு கொள்கைகள், அவ்வளவுதான் அந்த அறிக்கை. அந்தக் கூட்டம் நடந்த அதே ஆண்டில்தான் எஃப்.பி.ஐ. தன் பெரிய திட்டத்தில் இறங்கியது என்பதை நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

இரண்டாவது முயற்சி

2006 மார்ச்சில் எஃப்.பி.ஐ. மறுபடியும் தொடங்கியது. திட்டத்தின் பெயர் 'சென்டினல்'. லாக்ஹீட் மார்ட்டினுக்கு 30.5 கோடி டாலர் ஒப்பந்தம், மொத்தச் செலவு 42.5 கோடி, நான்கு கட்டங்கள், 2009 முடிவில் தயார். இந்த முறை ஒரே வீச்சில் வேண்டாம், கட்டம் கட்டமாகப் போவோம் என்ற அளவுக்குப் பாடம் கற்றிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டமும் ஒரு குட்டி அருவியாகவே இருந்தது.

பட்ஜெட் 45.1 கோடியாக ஏறியது. கெடு 2011-க்குத் தள்ளிப்போனது. 2010 ஆகஸ்டில் கணக்குப் பார்த்தபோது 40.5 கோடி செலவாகிவிட்டது. நான்கில் இரண்டு கட்டங்கள்தான் கைக்கு வந்திருந்தன. இதே வழியில் போனால் இன்னும் ஆறு ஆண்டும், குறைந்தது 35.1 கோடி டாலரும் வேண்டும் என்றது 'மைட்டர்' என்ற ஆய்வு அமைப்பு. இரண்டாவது முறையும் வெறுங்கையோடு நிற்கும் நிலை.

அப்போது எஃப்.பி.ஐ.யின் தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர் சாட் ஃபுல்காம். வால் ஸ்ட்ரீட்டிலிருந்து வந்தவர். ஒப்பந்த வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, மிச்சத்தை எங்கள் பொறுப்பிலேயே ஸ்க்ரம் முறையில் முடிக்கிறோம் என்றார். நாடாளுமன்றத்தில் இதை நம்பியவர்கள் குறைவு. இருநூறுக்கு மேல் இருந்த ஒப்பந்த ஊழியர்கள் ஐம்பதுக்கும் கீழே குறைக்கப்பட்டார்கள். வாஷிங்டனில் ஹூவர் கட்டடத்தின் அடித்தளத்தில் அணி உட்கார்ந்தது.

கனமான தேவைப் பட்டியல் சிறு சிறு துண்டுகளாக உடைக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் பயன்படுத்தப் போகிறவர் வாயால் சொல்வதைப் போன்ற ஒரு தேவை. வழக்கை விசாரிக்கும் அதிகாரியாக நான் இந்தப் படிவத்தைத் திரையிலேயே நிரப்பி மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும், அவர் அதிலேயே கையெழுத்திட வேண்டும் என்ற மாதிரி. எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்தினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட். ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் ஓடுகிற மென்பொருளைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும். பவர்பாயின்ட்டுக்கு அங்கே இடமில்லை. பார்ப்பவர்களில் அதைப் பயன்படுத்தப் போகிறவர்களும் இருந்தார்கள்.

இந்தக் கதையில் நான் முக்கியமாக நினைக்கும் இடம் வெற்றி கிடைத்த நாள் இல்லை. 2011 அக்டோபரில் நடந்த ஒத்திகைதான். கிளைகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் சென்டினலில் உட்கார வைத்து வேலை செய்யச் சொன்னார்கள். அது இரண்டு முறை நின்றுபோனது. தோண்டிப் பார்த்தபோது, திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வாங்கிப்போட்ட சர்வர்கள் இந்தச் சுமையைத் தாங்காது என்று தெரிந்தது. சொன்ன கெடுவைத் தள்ளிவைத்து, கருவிகளை மாற்றினார்கள். பத்திரிகைகள் மறுபடியும் தாமதம் என்று எழுதின. திட்டத்தைக் கண்காணித்துவந்த நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகமும் அதைக் குறித்துவைத்தது.

2012 ஜூலை 1-ஆம் தேதி சென்டினல் எஃப்.பி.ஐ. முழுவதும் பயன்பாட்டுக்கு வந்தது, 45.1 கோடி டாலர் வரம்பைத் தாண்டாமல். ஏறக்குறைய பத்தாண்டாகப் பலரால் முடியாததை ஒரு சின்ன அணி இரண்டு ஆண்டுக்குள் முடித்தது.

குறையே இல்லாத மென்பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. 2014-இல் அதே ஆய்வாளர் அலுவலகம் பயன்படுத்துபவர்களிடம் கருத்துக் கேட்டபோது, மொத்தத்தில் திருப்தி என்றவர்களே, தேடினால் வேண்டியது கிடைப்பதில்லை, விவரங்களைக் குறித்துச் சேர்ப்பதற்கு நேரம் போகிறது என்றார்கள். முந்தைய நிறுவனம் முடித்துவைத்த பகுதிகள் மேல்தான் புது அணி நின்றது என்பதும் உண்மை. ஆனாலும் இரண்டு முயற்சிகளுக்கும் நடுவே உள்ள வேறுபாடு எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. வர்ச்சுவல் கேஸ் ஃபைலில் கெட்ட செய்தி ஒப்படைக்கும் நாளில் வந்தது. சென்டினலில் அது திறப்பதற்கு எட்டு மாதம் முன்பே வந்தது, சரிசெய்ய நேரம் இருக்கும்போதே வந்தது. அது வந்ததும் கெடுவைத் தள்ளிவைக்கும் அதிகாரம் உள்ளவர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

ஸ்க்ரம் என்பது கெட்ட செய்தியைச் சீக்கிரம் கொண்டுவருவதற்கான ஏற்பாடு. வேலையை வேகப்படுத்தும் மந்திரம் என்று விற்கிறார்கள். வேகம் சில அணிகளுக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நிச்சயம் கிடைக்க வேண்டியது ஒன்றுதான்: எங்கே கோளாறு என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிட வேண்டும்.

பதிமூன்று பக்கம்

சதர்லாண்டும் ஷ்வேபரும் எழுதிய ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பு மொத்தம் பதிமூன்றே பக்கம். அணியில் பத்துப் பேர் அல்லது அதற்கும் குறைவு. ஸ்பிரிண்ட் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. தினமும் பதினைந்து நிமிடம் கூடிப் பேச வேண்டும். முடிவில் ரெவ்யூ, அதற்கடுத்து ரெட்ரோ. எதைச் செய்வது என்று வரிசைப்படுத்தும் பொறுப்பு ப்ராடக்ட் ஓனர் என்ற ஒரே ஒரு ஆளுக்கு. எப்படிச் செய்வது, ஒரு ஸ்பிரிண்டில் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பது வேலை செய்கிறவர்களின் முடிவு. ஸ்க்ரம் மாஸ்டருக்கு யாரையும் அதிகாரம் செய்யும் வேலை கிடையாது, அணியின் பாதையில் கிடக்கும் தடைகளை அகற்றுவதுதான் அவர் வேலை.

இதில் இரண்டு திருத்தங்களை நம் ஊர் டெலிவரி மேனேஜர்கள் கவனிக்க வேண்டும். ஒரு ஸ்பிரிண்டில் இவ்வளவு முடியும் என்று அணி சொல்வது ஒரு கணிப்புதானே தவிர எழுதிக்கொடுத்த வாக்கு ஆகாது என்று 2011-இலேயே கையேட்டை மாற்றிவிட்டார்கள். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன என்ற மூன்று கேள்விகளை 2020-இல் எடுத்தே விட்டார்கள். இலக்கை நோக்கிப் போகிறோமா என்று அணி தனக்குள் பேசிக்கொள்வதற்குத்தான் அந்தப் பதினைந்து நிமிடம். அதை எப்படிப் பேசுவது என்பது அவர்கள் விருப்பம்.

இனி சென்னையில் நம் ஓ.எம்.ஆர். சாலைக்கு வருவோம். டைடல் பார்க் 2000-இல் திறந்தபோது சிறுசேரி வரை இவ்வளவு கண்ணாடிக் கட்டடங்கள் எழும் என்று நினைத்தவர்கள் குறைவு. இந்தச் சாலையிலும் கோயம்புத்தூரிலும் வேலை செய்கிற மென்பொருள் அணிகளில் பெரும்பாலானவை இன்று ஏதோ ஒரு வடிவத்தில் ஸ்க்ரம் நடத்துகின்றன. ஜிரா மென்பொருளில் போர்டு இருக்கிறது, ஸ்டாண்ட்-அப் என்ற பெயரில் அந்தப் பதினைந்து நிமிடக் கூட்டம் இருக்கிறது, ஸ்பிரிண்ட் இருக்கிறது. கையேட்டின் கூட்டங்களில் ஒன்றுகூட விடுபடுவதில்லை.

விடுபடுவது வேறு. ஸ்டாண்ட்-அப்பில் எல்லாரும் மேனேஜரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். "நேத்து அந்த டிக்கெட்ல வொர்க் பண்ணேன், இன்னைக்கும் அதையேதான் கன்டின்யூ பண்றேன், நோ பிளாக்கர்ஸ்" என்று ஒவ்வொருவராக ஒப்பிக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு நாளாக அதே இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், கூட்டத்தில் மட்டும் வெளியே வராது. கிளையன்ட் நியூயார்க்கில் இருந்தால் அவர்களுடைய காலை 9.30 நமக்குக் கோடையில் இரவு 7 மணி, குளிர்காலத்தில் 8 மணி. கலிஃபோர்னியா என்றால் இரவு 10, பிறகு 11. கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, மைக்கை மியூட்டில் போட்டு, தன் முறைக்காகக் காத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! களைத்துப்போன நேரத்தில் பிரச்சினையைக் கிளப்பி அழைப்பை நீட்டிக்க யாருக்கு மனம் வரும்?

செய்தி மேலே போகும் விதத்தைப் பாருங்கள். "இந்த ஸ்பிரிண்டில் இது முடியாது" என்று டெவலப்பர் லீடிடம் சொல்கிறார். "கொஞ்சம் டைட்டாக இருக்கிறது" என்று லீட் மேனேஜரிடம் சொல்கிறார். "சின்ன ரிஸ்க் ஒன்று இருக்கிறது, சமாளித்துவிடலாம்" என்று மேனேஜர் அக்கவுன்ட் தலைவரிடம் சொல்கிறார். வெள்ளிக்கிழமை கிளையன்ட்டுக்குப் போகும் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் பச்சை நிறம். இதில் யாரும் துணிந்து பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு படி மெருகேற்றினார்கள். ரிலீஸுக்கு முந்தைய வாரம் பச்சை ஒரே நாளில் சிவப்பாகும். சனி, ஞாயிறு அலுவலகத்துக்கு வரவேண்டியிருக்கும்.

அடுத்தது ஸ்டோரி பாயின்ட். ஒரு வேலை இன்னொன்றைவிடப் பெரியதா சிறியதா என்று அணி தனக்குள் குத்துமதிப்பாகப் பேசிக்கொள்ள வந்த எண் அது. பல இடங்களில் ஒரு பாயின்ட் என்றால் எட்டு மணி நேரம் என்று அட்டவணை போட்டுவிட்டார்கள். வெலாசிட்டி என்ற பெயரில் இந்த அணி 40, அந்த அணி 55 என்று ஒப்பிடுகிறார்கள். போன காலாண்டைவிடப் பத்து சதவீதம் ஏற்று என்கிறார்கள். ஏற்றுவது மிகவும் சுலபம். போன மாதம் மூன்று என்று மதிப்பிட்டதை இந்த மாதம் ஐந்து என்று மதிப்பிட்டால் போதும். எண் ஏறும், மென்பொருள் அங்கேயே நிற்கும், தன் வேலையின் உண்மையான அளவு அணிக்கே தெரியாமல் போகும். ஸ்னோபேர்ட் அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ், ஸ்டோரி பாயின்ட்டை ஒருவேளை தான்தான் தொடங்கிவைத்தோமோ என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் எழுதியிருக்கிறார்.

ரெட்ரோவில் நடப்பது இதைவிட வருத்தம். என்ன சரியில்லை என்று மனம் திறந்து பேச வேண்டிய கூட்டம் அது. அப்ரைசல் எழுதுகிறவரே அங்கே ஸ்க்ரம் மாஸ்டராக உட்கார்ந்திருந்தால் எப்படிப் பேசுவார்கள்? கல்லூரி முடித்து வந்த பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தே பெரியவர்கள் முன்னால் எதிர்த்துப் பேசாதே என்றுதானே வளர்த்திருக்கிறோம்? "ஓகே சார், ட்ரை பண்றேன்" என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த 'முடியாது'. அதைப் புரிந்துகொள்ளாத மேனேஜர் அதைச் சம்மதம் என்று குறித்துக்கொள்கிறார். "கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்" என்று ஒரு வரி ரெட்ரோ குறிப்பில் ஏறும், அடுத்த ஸ்பிரிண்டிலும் அதே வரி ஏறும்.

குற்றம் முழுவதும் மேனேஜர்கள் தலையில் இல்லை. அவர்கள் கையைக் கட்டியிருப்பது ஒப்பந்தம். என்னென்ன செய்ய வேண்டும், எப்போது முடிக்க வேண்டும், எவ்வளவு தொகை என்று மூன்றையும் ஆரம்பத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, நடுவில் ஸ்பிரிண்ட் என்று பெயர் வைத்தால் அது இரண்டு வார அருவிகளின் வரிசைதான். மாற்றத்தை வரவேற்போம் என்கிறது அஜைல். மாற்றத்துக்குத் தனிப் படிவம், தனி ஒப்புதல், தனிக் கட்டணம் என்கிறது ஒப்பந்தம். ப்ராடக்ட் ஓனர் என்று இங்கே ஒருவரை உட்கார வைக்கிறார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அவரால் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். தான் எழுதும் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு மனிதரை ஒரு முறைகூடப் பார்க்காமலேயே வேலையை விட்டுப் போகும் டெவலப்பர்கள் இங்கே ஏராளம். சென்டினலில் எஃப்.பி.ஐ. செய்த மிகப் பெரிய காரியம் ஸ்க்ரம் அல்ல, பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் பிறகுதான் ஸ்க்ரமுக்கு அங்கே வேலை செய்ய இடம் கிடைத்தது.

நம் நாட்டில் 2021 ஜூன் 7-ஆம் தேதி புதிய வருமான வரி இணையதளம் திறக்கப்பட்டது நினைவிருக்கும். பழையதை மூடி, நாடு முழுவதையும் ஒரே நாளில் புதியதற்கு மாற்றினார்கள். கோளாறுகளைக் கண்டுபிடித்தவர்கள் ஆடிட்டர்களும் வரி கட்டும் சாதாரண மக்களும்தான். கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. உள்ளே என்ன முறையில் எழுதினார்கள் என்பதை விடுங்கள். சிறு பகுதியாகத் திறந்து, சில ஆயிரம் பேரிடம் கொடுத்துப் பார்த்திருந்தால் மக்களின் கோபத்தில் பாதியைத் தவிர்த்திருக்கலாம்.

கூட்டம் மட்டும் போதாது

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற மென்பொருளைக் காட்ட வேண்டுமானால், கோட் ஒவ்வொரு நாளும் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். அதற்குத் தானியங்கி டெஸ்ட்கள் வேண்டும். எல்லாரும் எழுதிய கோட் முழுவதையும் தினமும் ஒன்றுசேர்த்துப் பார்க்க வேண்டும். எழுதியதைச் சீர்படுத்த நேரம் வேண்டும். இந்தப் பழக்கங்களை எல்லாம் கென்ட் பெக் 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' என்ற பெயரில் தொகுத்தார். கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளில்தான் அது உருவானது. 1997-இல் ஏறக்குறைய பத்தாயிரம் பேருக்கு அந்த மென்பொருள் சம்பளம் போட்டது. ஆனால் 2000 பிப்ரவரியில் அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது. நல்ல பழக்கங்கள் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்க்ரம் கையேடு இந்தத் தொழில்நுட்பப் பழக்கங்களைப் பற்றிப் பேசாது, அதை அணியிடம் விட்டுவிடுகிறது. அதனால் கூட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு டெஸ்ட்களை விட்டுவிடுவது சுலபமாகிவிட்டது. சில மாதங்களில் கோட் சிக்கலாகி, சின்ன மாற்றத்துக்கும் ஒரு வாரம் ஆகும் நிலை வரும் என்று மார்ட்டின் ஃபௌலர் 2009-இலேயே எச்சரித்தார். டெவலப்பர் ஒரு ஸ்பிரிண்டில் எழுதுவதை டெஸ்டர் அடுத்த ஸ்பிரிண்டில் சோதிக்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் சாதாரணம். அப்படி இருக்கும் வரை 'டன்' என்று ஜிராவில் நகர்த்தப்படும் டிக்கெட் எதுவும் முடியவில்லை. அது நல்ல செய்தியாக வேடமிட்ட கெட்ட செய்தி.

எல்லா வேலைக்கும் ஸ்க்ரம் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ராத்திரி பகலாக வரும் சப்போர்ட் டிக்கெட்டுகளைத் தீர்க்கும் அணிக்கு இரண்டு வாரத் திட்டம் எதற்கு? காலையில் சர்வர் விழுந்தால் திட்டம் அங்கேயே முடிந்தது. அவர்களுக்கு, கையில் ஒரே நேரத்தில் எத்தனை வேலை இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் கான்பான் போதும்.

2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி அஜைல் பொறுப்புகளில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அந்த வேலையை இனி இன்ஜினியர்களும் ப்ராடக்ட் மேனேஜர்களும் சேர்த்துச் செய்வார்கள் என்றது வங்கி. இதைக் கேட்டு அஜைல் செத்துவிட்டது என்று கொண்டாடியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கி ஸ்க்ரம் மாஸ்டர் ஆனவர்களின் காலம் முடிகிறது என்பது சரிதான். ஆனால் தவறு எங்கே என்று சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை முடியவில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கோட் வரிகளை நொடியில் எழுதிக் குவிக்கும் இந்த நாள்களில், எழுதியது பயனுள்ளதுதானா என்று ஒரு மனிதரிடம் காட்டிக் கேட்கும் வேலை முன்னைவிட அவசரமானது.

அணியை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. வெலாசிட்டியை அப்ரைசலிலிருந்து எடுத்துவிடுங்கள். ரெட்ரோவில் அப்ரைசல் எழுதுகிறவர் உட்கார வேண்டாம். கிளையன்ட் பக்கம் மென்பொருளைத் தொடுகிற ஒருவரையாவது, ஒரு கிளார்க்கோ நர்ஸோ கிடங்குக் கணக்கரோ, மாதம் ஒருமுறை டெமோவுக்கு அழைத்து வரச் சொல்லிக் கேளுங்கள். தர மாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். ஸ்டாண்ட்-அப் நேரத்தை வாரத்தில் இரண்டு நாளாவது இங்கே பகல் பொழுதுக்கு மாற்றுங்கள். கிளையன்ட் இல்லாமலும் அணி பேசிக்கொள்ளலாம். ஒரு பெண்ணோ பையனோ தயங்கித் தயங்கி "சார், இது முடியாதுன்னு தோணுது" என்று சொல்லும்போது, ஏன் முடியாது என்று அதட்டாமல், எப்போது தெரிந்தது என்று கேளுங்கள். நேற்றுத்தான் தெரிந்தது என்றால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். ஒரு மாதமாகத் தெரியும் என்றால், அந்த ஒரு மாதம் அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கான காரணத்தை உங்கள் பக்கத்தில் தேடுங்கள்.

வேலை செய்கிற இளைஞர்களுக்கும் ஒன்று. அடுத்த ரெவ்யூவில் முடித்தவற்றைக் காட்டும் முன், முடியாமல் போனதை முதல் வரியில் எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் போடுங்கள். அதைத் தனியாகச் செய்யாதீர்கள்; அணியில் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு சேர்ந்து செய்யுங்கள்.